அண்டிப்பருப்போடு வைத்து அனுப்பும் கடிதம்

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது.

நீ கேட்ட அண்டிப்பருப்பு, அதுதான் முந்திரிப்பருப்பு, இரண்டு கிலோவும் இந்தப் பொட்டலத்தில் இருக்கிறது. பால் எடுப்பதற்கு என்று நீ சொன்னதால் முழுப்பருப்பு வாங்காமல் துண்டுப்பருப்பாகவே வாங்கினேன். கீழவீட்டு அத்தை அண்டி ஆபீசில், முந்திரி ஆலையில், தரம் பிரிக்கிற இடத்தில் இருப்பதால் புதுச் சரக்காகக் கிடைத்தது. முழுப்பருப்புப் பெட்டியில் 320 என்று போட்டிருப்பது ஒரு பவுண்டு எடைக்கு ஏறத்தாழ அத்தனை முழுப்பருப்பு நிற்கும் என்பதற்குத்தானே தவிர, சத்துக்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமில்லை என்று அவர்தான் விளக்கினார். அரைக்கப்போகிற பருப்புக்கு அதன் உருவத்துக்காக விலை கொடுக்க வேண்டாம். குழந்தையின் கையில் மட்டும் பருப்பை அப்படியே கொடுத்துவிடாதே, தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

இந்தப் பருப்பு நான்கு மணி நேரம் ஊறினால் போதும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் விட்டு வெண்ணெய்போல அரைத்தால் வடிகட்ட வேண்டிய அவசியமே இருக்காது. பாதாம் அப்படியில்லை, அது இரவு முழுவதும் ஊற வேண்டும். அரைத்துத் துணியில் பிழிந்த பிறகு நீ வீசுகிற சக்கையோடு நார்ச்சத்தும் சுண்ணாம்புச்சத்தில் ஒரு பங்கும் போய்விடுகின்றன. ஆகையால் எதை அரைத்தாலும் கூடுமானவரை வடிகட்டாதே. வீட்டில் எடுத்த பாலை ஃபிரிட்ஜில் வைத்தாலும் இரண்டு நாளுக்கு மேல் வைக்காதே.

பசும்பாலுக்குப் பதிலாகக் குட்டிக்குக் கொடுக்கக் கடையில் வாங்குகிற அட்டைப்பெட்டியை நீ சென்ற மாதம் வீடியோவில் காட்டினாய் அல்லவா, அதை நான் நிறுத்தி நிறுத்திப் படித்தேன். எது அதிகமோ அது முதலில் வரும்படிதான் பொருள்களின் பெயரைப் போட வேண்டும் என்பது சட்டம். அந்தப் பெட்டியில் முதலில் தண்ணீர், இரண்டாவது சர்க்கரை, அதற்குப் பிறகுதான் பாதாம். பால் என்ற சொல்லையே அதில் காணவில்லை, பாதாம் பானம் என்றுதான் போட்டிருக்கிறது. இப்படிப்பட்ட பானங்களுக்குப் பால் என்று பெயர் வைக்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021-இல் உத்தரவு போட்டது, பழைய வழக்கத்தில் உள்ள தேங்காய்ப்பாலுக்கு விலக்கு உண்டு. விலக்கு இருப்பதால் தேங்காய்ப்பால் குழந்தைக்கு ஆகும் என்று நினைத்துவிடாதே. ஆப்பத்துக்கும் இடியாப்பத்துக்கும் அது அருமைதான், ஆனால் அதில் கொழுப்புதான் மிகுதி, புரதம் மிகவும் குறைவு.

நீயும் மருமகனும் காப்பியில் எந்தப் பாலை ஊற்றிக் குடித்தாலும் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. மாட்டைத் துன்புறுத்தாமல் வாழ வேண்டும் என்று மருமகன் நினைப்பது நல்ல மனதின் அடையாளம் என்று அப்பாவிடமே சொன்னேன். பசும்பால் கொடுத்தால் குட்டிக்கு வயிறு கழிகிறது என்றும் சொன்னாய். பாலின் இனிப்பு செரிக்காததற்கும், பாலின் புரதமே ஒத்துக்கொள்ளாததற்கும் வேறுபாடு உண்டு மக்கா. முதல் வகை என்றால் தயிரும் மோரும் பெரும்பாலும் ஒத்துப்போகும், இரண்டாவது வகை என்றால் அவையும் ஆகாது. எது என்று குழந்தை மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டுமே அல்லாமல் கைபேசியில் படித்து முடிவு செய்யக் கூடாது.

இனி நான் எழுத வந்ததை எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசிக்கொண்டிருக்கையில் நீ அடுப்பை அணைக்கப் போனபோது குட்டி கைபேசியை எடுத்துக்கொண்டு குளியலறை வாசலில் நின்றாள். பிறந்த இருபத்தெட்டாம் நாள் சடங்கான இருபத்தெட்டு கெட்டுக்கு நான் கட்டிய வெள்ளி அரைஞாண் அவள் இடுப்பில் இருந்தது. ஓணத்துக்கு நீங்கள் வந்திருந்தபோது அது இறுக்குகிறது என்று நானே கொக்கியை இரண்டு கண்ணி தள்ளி மாட்டினேன். ஞாயிற்றுக்கிழமை அது இடுப்பெலும்பைத் தாண்டித் தொடையில் கிடந்தது. அவள் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நீ வந்து கைபேசியை வாங்கித் திருப்பிவிட்டாய். எடை பார்த்தாயா என்று நான் கேட்டதற்கு, "அம்மா, அதை விடுங்க" என்று சொன்னாய். அதற்குப் பிறகு நான்கு நாளாக அழைப்பு இல்லை.

ஓணத்தின்போது, ஒன்றரை வயதில், நம் அங்கன்வாடித் தராசில் அவள் 10 கிலோ 200 கிராம் இருந்தாள், அது சரியான எடை. இரண்டு வயதுப் பெண் குழந்தையின் சராசரி எடை 11.5 கிலோ. 9 கிலோவுக்குக் கீழே போனால் எடைக்குறைவு என்று எழுத வேண்டும். இந்த எண்களை நான் புத்தகத்தைப் பார்த்து எழுதவில்லை என்பது உனக்குத் தெரியும்.

ஒரு தம்ளர் பசும்பாலில் ஆறு ஏழு கிராம் புரதம் உண்டு. அதே தம்ளர் பாதாம் பானத்தில் ஒரு கிராம் அளவுதான் தேறும். நான் அனுப்பியிருக்கிற பருப்பை ஒரு கைப்பிடி போட்டுக் கெட்டியாக அரைத்தால் புரதம் ஓரளவு கிடைக்கும், ஆனால் சுண்ணாம்புச்சத்து இல்லை என்றே சொல்லலாம். எள்ளில் அது ஏராளம், 100 கிராமில் 900 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. ஆயினும் தோலோடு அரைத்தால் கசக்கும், அந்தத் தோலில் உள்ள ஒரு பொருள் சுண்ணாம்புச்சத்தை உடம்பில் முழுவதும் சேரவிடாது. நிலக்கடலையில் புரதம் நிறைய உண்டு, ஆனால் பூசணம் பிடித்த ஒரு கடலைகூடச் சேரக் கூடாது, அந்த நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது. வைட்டமின் பி12 இவை எதிலும் கிடையாது. இந்த வயதில் பசும்பாலுக்குப் பதிலாக ஒன்றைக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், சுண்ணாம்புச்சத்தும் வைட்டமின்களும் சேர்த்த, சர்க்கரை சேர்க்காத சோயாப்பால் ஒன்றைத்தான் மருத்துவர்கள் ஏற்கிறார்கள். அதையும் நன்றாகக் குலுக்கிவிட்டு ஊற்ற வேண்டும், சேர்த்த சுண்ணாம்பு அடியில் தங்கிவிடும்.

பருப்பும் விதையும் குழந்தைக்கு ஆகாது என்று நான் சொல்லவில்லை. கேரளத்தில் பாறசாலைப் பக்கத்து அங்கன்வாடிகளில் கொடுக்கிற அமிர்தம் பொடி என்ற சத்துமாவில் கோதுமை, கடலைப்பருப்பு, நிலக்கடலை, சோயா எல்லாம் இருக்கின்றன, அதைக் காய்ச்சிக் குடித்துப் பிள்ளைகள் நன்றாக வளர்கிறார்கள். அதில் எதையும் பிழிந்து வீசுவதில்லை. அதனால்தான் வடிகட்டாதே என்று திரும்பவும் சொல்கிறேன். கூழில், பருப்புச் சோற்றில், மசித்த ஏத்தப்பழத்தில் (நேந்திரம்பழம்) எள்ளையும் கடலையையும் பொடித்துச் சேர்த்துக் கொடு. பெட்டியில் உள்ள வெள்ளைத் தண்ணீரை மட்டும் கொடுத்து வயிற்றை நிரப்பிவிடாதே.

இந்தக் குடும்பத்தில் முதன்முதலாகப் பொறியியல் படித்தவள் நீ. உன் அறிவைப் பற்றி நான் பெருமை பேசாத வீடு இந்தத் தெருவில் இல்லை. அப்படிப்பட்டவள் ஒரு பெட்டியின் பின்பக்கத்தைப் படிக்காமல் விட்டாயே என்று நேற்று இரவு கோபம் வந்தது. கோபத்தோடு எழுந்து உட்கார்ந்தபோதுதான் உன் சிறுவயது எடை அட்டை நினைவுக்கு வந்தது.

உன்னிடம் நான் இதுவரை சொல்லாதது அது. 1992-இல் நமக்குச் சிந்துப்பசு இருந்தது. காலையில் கறப்பதெல்லாம் பால் சொசைட்டிக்குப் போகும். வீட்டுக் கடன் அந்தப் பணத்தில்தான் அடைந்தது. உனக்கு அரைத் தம்ளர் எடுத்து வைத்து, அதில் பாதிக்குப் பாதி தண்ணீர் ஊற்றுவேன். வெள்ளையாக இருந்ததால் பால் கொடுத்துவிட்டேன் என்று நானே நம்பிக்கொண்டேன். மாதந்தோறும் ஊர்ப் பிள்ளைகளைத் தொங்குதராசில் தூக்கி நிறுத்தி எடையெழுதிய நான், உன்னை நிறுத்தபோது முள் காட்டிய எடை, அட்டையில் எடைக்குறைவைக் காட்டும் இரண்டாம் தரக் கோட்டுக்குக் கீழே விழுந்தது. அப்போதைய அட்டையில் அப்படித்தான் கோடுகள் இருந்தன. அங்கன்வாடி டீச்சரின் பிள்ளையே இப்படியா என்று மேற்பார்வையாளர் கேட்பார் என்று பயந்து, புள்ளியை மேலே, நல்ல கோட்டில் வைத்தேன். ஒரு மாதம் அல்ல, ஐந்து மாதம். எடை குறைந்த மற்ற பிள்ளைகளுக்குக் கூடுதலாகக் கொடுத்த சத்துமாவு அந்த ஐந்து மாதமும் உனக்குக் கிடைக்கவில்லை. அட்டைப்படி நீ நன்றாக இருந்தாய் அல்லவா. ஆறாவது மாதம் நீ காய்ச்சலில் துவண்டபோதுதான் பசுவின் பாலை உனக்கென்று எடுத்துவைத்தேன். அப்பாவுக்கும் இது தெரியாது. அந்த அட்டை இன்னும் பச்சை டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது.

அப்பாவை விட்டுவிட்டு நான் இப்போது அங்கே வர முடியாது என்பது உனக்குத் தெரியும். ஆகையால் சனிக்கிழமை குட்டியைத் தராசில் நிறுத்து. உடைகளைக் கழற்றி, அரைஞாணையும் கழற்றிவிட்டு நிறுத்து. முள் எங்கே நிற்கிறதோ அதை எனக்கு அப்படியே எழுதி அனுப்பு, நான் கோபப்பட மாட்டேன். மருத்துவரிடமும் அதே எண்ணைச் சொல். பருப்பைக் காற்றுப்புகாத டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வை.

இப்படிக்கு
உன் அம்மா