பாதி எடை எந்த பீமுக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

கட்டமைப்புகளின் அதிர்வு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை நன்றாக இருந்தது. ஓரிடம் மட்டும் உறுத்தியது. பீமின் (உத்திரத்தின்) எடையில் பாதியை ஒரே புள்ளியில் குவித்தால் அதிர்வெண் கணக்கு சுலபம், பிழையும் சொற்பம் என்று போகிற போக்கில் சொல்லியிருக்கிறார் கட்டுரையாளர். எந்த பீமுக்கு என்று சொல்லவில்லை.

இரு முனைகளிலும் தாங்கி மேல் சும்மா உட்கார்ந்திருக்கும் சீரான பீம் என்றால் அவர் சொல்வது சரி. பாதி எடையை நடுவில் வைத்தால் அடிப்படை அதிர்வெண்ணின் (பீம் தானாக ஆடும் மிகக் குறைந்த அதிர்வெண்ணின்) சூத்திரத்தில் வரும் பெருக்கு எண், அதாவது கெழு, 9.80 வரும், துல்லியமான மதிப்பு 9.87. அதே பாதியைக் கேண்டிலீவரின், அதாவது ஒரு முனை மட்டும் சுவரில் பிடிக்கப்பட்டு நீட்டி நிற்கும் பீமின், நுனியில் வைத்தால் 2.45 வருகிறது. வரவேண்டியது 3.52. முப்பது சதவீதம் குறைவு! கேண்டிலீவரில் சுவரை ஒட்டிய பகுதி அசைவதே இல்லை. அசையாத எடையையும் நுனியில் தொங்கவிட்டால் அப்படித்தான் ஆகும். அங்கே கால் பங்கு வைத்தால் போதும், 3.46 கிடைக்கும்.

இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், பம்ப் ஒன்றின் பக்கத்தில் ஒரு முனை மட்டும் பிடிக்கப்பட்டு நீட்டிக்கொண்டிருந்த குழாய்க்கு இதே பாதிக் கணக்கைப் போட்டேன். 18 ஹெர்ட்ஸ் வந்தது. பம்ப் சுற்றுவது நிமிடத்துக்கு 1500, அதாவது 25 ஹெர்ட்ஸ். நிறைய இடைவெளி இருக்கிறது என்று நிம்மதியாகக் கையெழுத்திட்டேன். பம்பை ஓட்டியதும் குழாய் ஆடிய ஆட்டத்தில், தொட்ட கை விறுவிறுத்தது. குழாயின் உண்மையான அதிர்வெண் 26-ஐ ஒட்டி, பம்பின் 25-க்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறது; இரண்டும் நெருங்கினால் ஆட்டம் பெருகும். நுனிக்கு ஒரு தாங்கி கொடுத்த பிறகுதான் அடங்கியது.

இன்னொன்று. அதிர்வெண்ணில் ஐந்து சதவீதப் பிழை என்றால் ஆட்டத்திலும் ஐந்து சதவீதம்தான் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். தணிப்பு (ஆட்டத்தை அடக்கும் உராய்வு போன்றவை) குறைவாக இருந்தால், இயக்கும் அதிர்வெண் இயல்பு அதிர்வெண்ணில் 0.90 மடங்காக இருக்கும்போது, அதே விசை அசையாமல் தரும் வளைவைப்போல் ஆட்டம் சுமார் 5 மடங்கு பெருகும். 0.95 என்றால் சுமார் 10 மடங்கு, அதாவது இரட்டிப்பு.

எளிமைப்படுத்துவது தவறில்லை, நானும் தினம் செய்கிறேன். அப்புறம் பிழை எந்தப் பக்கம் என்றாவது பார்த்துக்கொள்ள வேண்டும். வளைவின் வடிவத்தை ஊகித்துப் போடும் ரேலே முறையில் அடிப்படை அதிர்வெண் ஒருபோதும் உண்மையைவிடக் குறைந்து வராது. ஒவ்வொரு எடையையும் தனித்தனியாகக் கணக்கிட்டுச் சேர்க்கும் டங்கர்லி முறையில் கூடுதலாக வராது. இரண்டையும் போட்டால் விடை நடுவில் மாட்டிக்கொள்ளும். அரை மணி நேர வேலை.

கட்டுரையாளர் அடுத்த பகுதியில் அந்தப் ‘பாதி’ எந்த வகைத் தாங்கலுக்கு என்று ஒரு வரி சேர்த்தால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு கட்டமைப்புப் பொறியாளர்