டிவி பாக்க பதினாலு மூட்டை நெல்லு

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பத்திரிகையில கேபிளை கட் பண்ணிட்டு ஓடிடிக்கு, அதான் நெட்டு வழியா படம் சீரியல் பாக்கற ஆப்களுக்கு, மாறினா மாசம் எவ்ளோ மிச்சம்னு கட்டம் கட்டி கணக்கு போட்டிருந்தீங்க, நானும் ரெண்டு தடவை படிச்சு பாத்தேன். எழுதினவங்க டவுன்ல இருக்கறவங்களாத்தான் இருக்கணும். ஏன்னா அந்த கணக்குல நெட்டு காசையே சேக்கல, நெட்டுங்கறது ஏதோ தெருக்குழாயில வர்ற தண்ணி மாதிரி எல்லா வீட்லயும் ஏற்கனவே வந்துக்கிட்டிருக்குன்னு நெனச்சு எழுதியிருக்காங்க. எங்க ஊரு மன்னார்குடியிலேர்ந்து பஸ்ல முக்கா மணி நேரம். ஃபைபர் ஒயர் இங்க வந்தே ரெண்டு வருஷந்தான் ஆகுது, அதுவும் மழைக்காலத்துல இருக்கும் இல்லாமலும் போகும்.

நான் வீட்லயே தையல் வேலை பாக்கறவ, கணக்குல ரொம்ப கெட்டியெல்லாம் இல்லை, ஆனா கட்டிங் டேபிள் மேலயே சாக்பீஸால எழுதி கூட்டி பாத்தேன். நெட்டு மாசம் 399, ஜிஎஸ்டி சேத்தா 471, வருஷத்துக்கு 5652. அமேசான் ப்ரைம் 1499. ஹாட்ஸ்டார் சூப்பர் பிளான் நாங்க கட்டினப்ப வருஷத்துக்கு 899. நெட்ஃப்ளிக்ஸ் 499 பிளான் பன்னெண்டு மாசத்துக்கு 5988. 149க்கு பிளான் இருக்கேன்னு கேப்பீங்க, அது போன்லயும் டேப்லெட்லயும் மட்டுந்தான் ஓடும், 199 பிளான்ல டிவியில வரும் ஆனா ஒரு நேரத்துல ஒரு ஸ்கிரீன்தான், எங்க வீட்ல அப்படி வச்சா தெனமும் பஞ்சாயத்து கூட்டணும். ஆக மொத்தம் 14,038 ரூபா. எங்க வீட்டுக்காரவங்க எட்டி பாத்துட்டு, கொள்முதல் நெலையத்துல 2025-26 சீசனுக்கு சாதா ரகம் குவிண்டால் 2500, நாப்பது கிலோ மூட்டை ஆயிரம் ரூபா, அப்ப டிவி பாக்க மட்டும் பதினாலு மூட்டை நெல்லானு கேட்டுட்டு எந்திரிச்சு வயக்காட்டுக்கு போயிட்டாங்க. கேபிளுக்கு மாசம் 250 குடுக்கறோம், அது வருஷத்துக்கு மூணு மூட்டை.

கேபிள் மட்டும் என்ன யோக்கியமானு கேட்டா இல்லைதான், அதையும் சொல்லிடறேன். 2011ல அரசு கேபிள் மறுபடியும் ஆரம்பிச்சப்ப மாசம் 70 ரூபா. கலைஞர் குடுத்த கலர் டிவியில அத்தை நாள் முழுக்க சேனல் மாத்திக்கிட்டு உக்காந்திருப்பாங்க. 2017ல அரசு கேபிள் டிஜிட்டலுக்கு மாறினப்ப செட்டாப் பாக்ஸ் வந்துச்சு, 2019 பிப்ரவரியிலேர்ந்து டிவி கட்டணத்துக்கு விதி போடற ட்ராய்காரங்க புது கட்டண முறை கொண்டு வந்தாங்க, வேணுங்கற சேனலுக்கு மட்டும் காசு குடுத்தா போதும்னாங்க. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அப்ப அடிப்படை கட்டணமே 130, வரி சேத்து 153 ரூபா 40 காசு, அதுக்கு மேல தனித்தனி சேனலுக்கு காசு, ஒரு பெரிய சேனலுக்கே 19 ரூபா வரைக்கும். அத்தைக்கு வேணுங்கறது நாலு சேனல், அந்த நாலும் காசு சேனல். 70 ரூபா எங்க, 250 எங்க.

ஆனா ஓடிடிக்காரங்க ஏத்தற வேகத்துக்கு கேபிள் ஏத்தல. ப்ரைம் 2016ல வந்தப்ப வருஷத்துக்கு 499, அப்பறம் 999, 2021 டிசம்பர்ல 1499, அஞ்சே வருஷத்துல மூணு மடங்கு ஆச்சு. அதோட விட்டாங்களா, 2025 ஜூன்லேர்ந்து படத்துக்கு நடுவுல விளம்பரம், அது வேணாம்னா இன்னொரு 699. விளம்பரத் தொல்லை தாங்காமத்தானே எல்லாரும் அங்க ஓடினாங்க. ஐபிஎல் கதை தெரிஞ்சதுதான், 2023லயும் 2024லயும் ஜியோசினிமாவுல ஓசியா காட்டி பசங்களை பழக்கிவிட்டாங்க, 2025 பிப்ரவரியில ஹாட்ஸ்டாரோட சேந்து ஒண்ணாயிட்டு அப்பறம் காசு கேட்டாங்க. நெட்ஃப்ளிக்ஸ் மட்டும் 2021 கடைசியில வெலைய குறைச்சுது, அதையும் சொல்லணும், ஆனா 2023ல ஒரு பாஸ்வேர்டை நாலு வீடு பாக்கறதை நிறுத்திட்டாங்க. எங்க நாத்தனார் பையன் திருப்பூர்லேர்ந்து எங்க அக்கவுண்ட்லதான் பாத்துக்கிட்டிருந்தான், அவனுக்கும் போச்சு.

இதெல்லாம் கூட பரவால்லங்க ஐயா, நான் எழுத வந்தது வேற. உங்க கட்டுரையில மாசக் கணக்குன்னு போட்டிருக்கு பாருங்க, அங்கதான் எனக்கு சரிப்படல. எங்களுக்கு மாசா மாசம் காசு வராது. குறுவை அறுத்தா ஒருதடவை, சம்பா அறுத்தா ஒருதடவை, அதுவும் கொள்முதல் நெலையத்து வாசல்ல நெல்லைக் கொட்டிவச்சு, ஈரப்பதம் கூட இருக்குன்னு சொல்றதையெல்லாம் கேட்டு, தார்ப்பாய் போட்டு காவல் காத்து, எடை போட்டு, அப்பறம் பேங்க்ல ஏறணும். நடுவுல என் தையல் காசு, அது தீபாவளிக்கும் பள்ளிக்கூடம் தொறக்கறப்பவுந்தான். கேபிள்காரத் தம்பிக்கு இது தெரியும். ஐப்பசியில வந்து நின்னு "என்னக்கா, தை மாசமா?"ன்னு கேட்டுட்டு கார்டுல பென்சிலால ஒரு கோடு போட்டுட்டு போயிடும். அஞ்சு மாச பாக்கி கூட வச்சிருக்கோம், ஒருநாள் கூட லைனை நிறுத்தினதில்லை. கேபிள் ஆபீஸுக்கு அந்தத் தம்பி தன் கையிலேர்ந்துதான் கட்டும்னு எனக்கு ரொம்ப நாள் கழிச்சுதான் தெரிஞ்சுது, கேட்டதுக்கு சிரிச்சுது.

கஜா புயல் வந்தப்ப, 2018 நவம்பர் 16ன்னு நெனப்பிருக்கு, யாருக்குத்தான் மறக்கும், தென்னை எல்லாம் தலைகீழா கெடந்துச்சு, கரண்ட் கம்பம் ஒண்ணும் மிச்சமில்லை. கரண்ட் வந்த மறுநாளு இந்தத் தம்பி தோள்ல ஒயரை சுருட்டி போட்டுக்கிட்டு ஒவ்வொரு வீட்டு ஓட்டு மேலயும் ஏறி எறங்கி இழுத்துச்சு. அந்தத் தம்பி வீட்லயும் கூரை போயிருந்துச்சு அப்ப. அந்த மாசக் காசு வேணாம்னுடுச்சு.

இப்ப அடுத்த பக்கம். போன வருஷம் பையன் ஏதோ ஒரு ஆப்ல ஒரு ரூபாய்க்கு ஆஃபர்னு அமுக்கிட்டான், எங்க வீட்டுக்காரவங்க போன்ல. எந்தக் கம்பெனின்னு எழுதல, எழுதினா நீங்க போட மாட்டீங்க. சம்பா காசு ஏறின அக்கவுண்ட் அது. ஆட்டோபேன்னு ஒண்ணு இருக்காம், நமக்கு தெரியாம அதுவே காசை எடுத்துக்கிச்சு, அடுத்த மாசமும் எடுத்துச்சு. கஸ்டமர் கேர்ல சாட்ல எழுதினா மிஷின் பேசுது, "உங்கள் சிரமத்திற்கு வருந்துகிறோம்"னு தமிழ்லயே வருந்துது, காசு மட்டும் வரல. யார் கிட்ட போயி சண்டை போடறது சொல்லுங்க? கேபிள்னா தெரு முனையில நின்னு கத்தினா போதும். கடைசியில பக்கத்து வீட்டு காலேஜ் பொண்ணு யுபிஐ ஆப்புக்குள்ள போயி ஆட்டோபே லிஸ்ட்டை தேடி கேன்சல் பண்ணி குடுத்துச்சு. அது எங்க இருக்குன்னு ஒரு நாலு வரி படம் போட்டு உங்க பத்திரிகையில போட்டீங்கன்னா நல்லாருக்கும், நெறைய பேருக்கு தெரியாது.

இன்னொண்ணு, கேபிளுக்கு பதிலா ஓடிடின்னு எழுதறீங்க, எங்க தெருவுல அப்படி யாரும் மாறல, ரெண்டுக்கும் சேத்து கட்றாங்க. வயசானவங்களுக்கு கேபிள், பசங்களுக்கு ஓடிடி. நெசமாவே கேபிளை வெட்டினது பன்னெண்டு பதிமூணு வீடு, வெளிநாட்டு காசு வர்ற வீடுங்க. எங்க அண்ணன் வீட்ல டிடி ஃப்ரீ டிஷ், மாசக் காசே கெடையாது, ஆனா சன்னு விஜய் எதுவும் வராது, அதனால அண்ணி சீரியலுக்கு எங்க வீட்டுக்கு வந்துடுவாங்க. தெருவுல நாப்பது வீடு இருந்தப்ப ஒயர் அறுந்தா அன்னைக்கே வருவாங்க, இருவத்தேழு வீடு ஆனதும் மறுநாளு ஆகுது. இன்னும் பத்து வீடு போச்சுன்னா அந்தத் தம்பி இந்தத் தெருவுக்கு வண்டிக்கு பெட்ரோல் போட்டு எதுக்கு வரணும்? அப்ப மிச்சமிருக்கற வீட்டு கெழவிங்கள்லாம் என்ன பண்ணுவாங்க, 471 ரூபாய்க்கு நெட்டு போட்டு ஸ்மார்ட் டிவி வாங்கி ரிமோட்ல ஒவ்வொரு எழுத்தா தேடி அமுக்குவாங்களா? எங்க அத்தைக்கு வயசு 78, வால்யூம் பட்டனும் சேனல் பட்டனுந்தான் தெரியும், அதுலயே ஒண்ணு தேஞ்சு போச்சு.

நாங்க இந்த வருஷம் ப்ரைமை புதுப்பிக்கல. பையன் மூஞ்சியை தூக்கி வச்சிருக்கான். ஹாட்ஸ்டாரை, பொண்ணு பரிட்சை முடியட்டும்னு நிறுத்தி வச்சிருக்கோம். கேபிள் கார்டுல பென்சில் கோடு மூணு இருக்கு, சம்பா நெல்லு இப்பதான் களத்துல கெடக்கு.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மன்னார்குடி வட்டம், திருவாரூர் மாவட்டம்.