44 கிலோ எங்கே போனது?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் மாணவர் பக்கத்தில் நிறைச் சமநிலை பற்றி வந்த பாடத்தைப் படித்தேன். உள்ளே போகும் எடையும் வெளியே வரும் எடையும் சமம் என்று தொடங்கி, உப்பளத்துப் பாத்தியை உதாரணம் காட்டியிருந்தீர்கள். நல்ல உதாரணம்தான். ஆனால் பாத்தியில் தண்ணீர் ஆவியாகிறது, உப்பு தங்குகிறது, அவ்வளவுதான். ஒரு பொருள் வேறு பொருளாக மாறும் இடத்தை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். மாணவர்கள் தடுமாறுவது அங்கேதான்.

என் அப்பா கீழக்கரைப் பக்கம் ஒரு சுண்ணாம்புக் காளவாசலில் வேலை பார்த்தார். கிளிஞ்சலை அலசிக் காயவைத்து, கரியோடு அடுக்கிச் சுடுவார்கள். ஒருமுறை 100 கிலோ கிளிஞ்சலுக்கு 58 கிலோ சுண்ணாம்புதான் வந்தது. மிச்சத்தை அப்பா விற்றுவிட்டார் என்று சொல்லி முதலாளி கூலியில் பிடித்துக்கொண்டார். அடுத்த வாரம் வேறொருவர் 67 கிலோ எடுத்துக் கொடுத்தார். அவருக்குப் பாராட்டு. அப்பா அன்றிரவு சாப்பிடவே இல்லை.

கல்லூரியில் வேதியியல் படித்த பிறகுதான் எனக்குக் கணக்குப் புரிந்தது. கிளிஞ்சல் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். 900 டிகிரி செல்சியஸ் வாக்கில் அது 100 கிலோ முழுதாக வெந்தால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். மீதி 44 கிலோ கரியமில வாயுவாகப் புகையோடு போய்விடும். இந்த எடைக் குறைவுக்கு வாயுதான் காரணம் என்று ஸ்காட்லாந்து வேதியியலாளர் ஜோசப் பிளாக் 1756இலேயே தராசு வைத்துக் காட்டி எழுதிவிட்டார்.

அப்படியானால் அந்த 67 கிலோ? 100 கிலோவில் 33 கிலோ குறைந்திருக்கிறது. அவ்வளவு வாயு வெளியேற 75 கிலோ கிளிஞ்சல் வெந்திருக்க வேண்டும். அதில் கிடைத்த சுண்ணாம்பு 42 கிலோ, வேகாமல் கிடந்தது 25 கிலோ. கூட்டிப் பாருங்கள், 67. பாராட்டு வாங்கிய சரக்கில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெறும் ஓடு! அப்பா சுட்டதில் நூற்றுக்கு 95க்கு மேல் வெந்திருந்தது. தண்ணீர் ஊற்றியதும் அது புஸ்ஸென்று சீறி, உப்பி, மாவாக உதிரும். வேகாத ஓடு தொட்டியின் அடியில் அப்படியே கிடக்கும். கொத்தனார் கரண்டியில் நறநறவென்று உரசும்.

பாடத்தில் அழுத்திச் சொல்ல வேண்டியது இதைத்தான். கார்பனேட் குறையும், சுண்ணாம்பு புதிதாகப் பிறக்கும், மூலக்கூறு ஒன்று இரண்டாகும். எண்ணிக்கை மாறாமல் நிற்பது அணுக்கள். 100 கிலோ கார்பனேட்டில் இருந்த 40 கிலோ கால்சியம், 56 கிலோ சுண்ணாம்பிலும் அதே 40 கிலோதான். அதைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தானாக வரும். அப்புறம், 56 கிலோ சுண்ணாம்பு 18 கிலோ தண்ணீரைச் சேர்த்துக்கொண்டு 74 ஆகும். சுவரில் பூசிய பின் காற்றிலிருந்து 44 கிலோ கரியமில வாயுவை மெல்ல மெல்ல வாங்கி, அந்த 18 கிலோ தண்ணீரை விட்டுவிட்டு மறுபடி 100 கிலோவாகிறது. எங்கள் ஊர்ப் பழைய வீட்டுச் சுவரைத் தொடும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

அடுத்த பகுதியில் காளவாசலையே கணக்காகக் கொடுங்கள். கரியையும் மறக்காமல் சேருங்கள். 12 கிலோ கார்பன் முழுதாக எரிந்தால், காற்றிலிருந்து 32 கிலோ ஆக்சிஜனை இழுத்து 44 கிலோ வாயுவாகும். காற்றை எழுதாமல் விட்ட பிள்ளைக்கு இரண்டு பக்கமும் ஒத்துவராது. ஏன் வரவில்லை என்று அந்தப் பிள்ளையே தேடட்டும், விடையை ஒரு வாரம் கழித்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
கீழக்கரை, இராமநாதபுரம் மாவட்டம்.