வீட்டில் கிடப்பதை வைத்தே கட்டு

அன்பு மகளுக்கு,

டெரஸ் ஊரில் கடை கடையாக அலையாதே. ஸ்கீனா ஆற்றில் மீன்பிடிக்க வேண்டிய ஃப்ளையை, அதாவது கொக்கியில் முடியும் இறகும் கட்டிச் செய்யும் தூண்டில் பூச்சியை, வீட்டில் கிடப்பதை வைத்தே கட்டிவிடலாம். கடலிலிருந்து ஆறு ஏறிவரும் ஸ்டீல்ஹெட் மீன் பெரிதாக இரை தேடாது. அதனால் எந்தப் பூச்சியையும் அச்சு அசலாகச் செய்ய வேண்டியதில்லை. நீரில் உயிர்போல அசைய வேண்டும், பாறையில் உரசினாலும் பிரியக் கூடாது. இரண்டு போதும்.

காசு கொடுத்து வாங்க வேண்டியது கொக்கி மட்டும்: 4-ஆம் எண், தடித்த கம்பி. கட்டும் முன்பே அதன் எதிர்முள்ளை, அதாவது நுனிக்குப் பின்னால் எதிராக நீட்டியிருக்கும் சிறு முள்ளை, தட்டைக் குறட்டால் நசுக்கிவிடு. பிரிட்டிஷ் கொலம்பியா ஆறுகளில் எதிர்முள் இல்லாத ஒற்றைக் கொக்கிதான் சட்டம். நசுக்கும்போது சில கொக்கிகள் உடையும். கட்டி முடித்தபின் உடைந்தால் அத்தனை வேலையும் வீண்.

பூட்டிக்கொள்ளும் குறட்டை மேசை விளிம்பில் கிளாம்ப் போட்டு இறுக்கி, அதன் வாயில் கொக்கியின் வளைவைக் கடிக்கவிடு. நூலுக்கு மெல்லிய பாலியெஸ்டர் தையல் நூல். பருத்தி நூல் ஈரத்தில் நைந்துபோகும்.

கண்ணுக்கு, பழைய விளக்கை இழுத்து அணைக்கும் மணிச் சங்கிலியில் இரண்டு மணிகளைச் சேர்த்து வெட்டு. கொக்கியின் காதிலிருந்து (தங்கூசி கோக்கும் துளை) 3 மில்லிமீட்டர் தள்ளி, எட்டு வடிவில் பத்துச் சுற்று, மேலே ஒரு துளி சூப்பர் க்ளூ. அந்த 3 மில்லிமீட்டரைக் காலியாக விட மனம் வராமல்தான் புதிதாகக் கட்டுகிறவர்கள் எல்லோரும் கெடுக்கிறார்கள். கடைசி முடிச்சுக்கு இடமிருக்காது, நூல் காதின் மேல் வழுக்கி மொத்தமும் அவிழும்.

வாலுக்கு நாயின் வால்முடி, தீக்குச்சி கனம், கொக்கித் தண்டின் நீளம். அடியிலுள்ள பஞ்சு முடியைச் சீப்பால் வாரி எடுத்துவிடு; அது இருந்தால் கட்டு இறுகாது, முடி உருவிக்கொண்டு வரும். உடம்புக்குக் கறுப்புக் கம்பளி நூலைப் பிரித்து ஓர் இழை மட்டும். அதன்மேல் பழைய மின்வயரின் செம்பு இழையை எதிர்த் திசையில் ஐந்து சுற்று. கம்பளி அறுந்தாலும் செம்பு பிடித்துக்கொள்ளும்.

கழுத்துக்குக் கோழியின் மென்மையான இறகு. ஆரஞ்சு நிறம் வேண்டுமானால், பாத்திரம் கழுவும் சோப்பில் எண்ணெய் போக அலசி, சர்க்கரை சேராத ஆரஞ்சு பானப் பொடியும் கால் கப் வினிகரும் கலந்த சுடுநீரில் இருபது நிமிடம் வை, கொதிக்கவிடாதே. மஞ்சள்தூளும் பிடிக்கும், ஆனால் வெயிலில் வெளுத்துவிடும். மூன்று சுற்றுக்கு மேல் சுற்றாதே. அடர்ந்த இறகு அசையாது, விறைத்து நிற்கும்.

முடிச்சின்மேல் நகப்பூச்சு இரண்டு தடவை. காயும் முன் ஊசியால் காதைக் குத்தித் திறந்துவிடு. விறைத்த விரலோடு விடியற்காலையில் தங்கூசியைக் கோக்கும்போது அதன் அருமை தெரியும்.

வாளித் தண்ணீரில் இழுத்துப் பார். ஒரு பக்கம் சாய்ந்தால் மணிகள் கோணலாக இருக்கின்றன. திருப்பி நேராக்கி மறுபடி ஒட்டு. மழைக்குப்பின் ஆறு கலங்கினால் இதையே பெரிய கொக்கியில் இளஞ்சிவப்பாகக் கட்டு; தெளிந்து வற்றினால் இதைவிடச் சிறிய 6-ஆம் எண்ணில், மணியில்லாமல், இறகைக் குறைத்து.

நனைந்த ஃப்ளையை அப்படியே டப்பாவில் மூடாதே, ஓர் இரவு திறந்து வை. ஒரு துருப்பிடித்த கொக்கி பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும்.

அன்புடன்,
அப்பா