மஃப்ளருக்கு ஏது உள்பக்கம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் பெண்கள் இணைப்பில் வந்த கேபிள் (கயிறு போல் முறுக்கிய பின்னல்) மஃப்ளர் செய்முறையைப் பார்த்தேன். படம் அழகுதான். ஆனால் கேபிள் என்றாலே ஸ்வெட்டருக்கான பின்னலை அப்படியே மஃப்ளருக்கும் போட்டுவிடுகிறார்கள். ஸ்வெட்டரில் உள்பக்கம் யார் கண்ணிலும் படாது, மஃப்ளரைக் கழுத்தில் ஒரு சுற்று சுற்றினாலே மறுபக்கம் வெளியே வந்துவிடும், அங்கே முறுக்கும் இல்லாமல் ஒன்றும் இல்லாமல் வெறும் பர்ல் (கண்ணியின் புடைத்த பின்பக்கம்) மேடாகத் தெரிந்தால் போட்ட உழைப்பில் பாதி வீண்.

இதற்கு வழி இருக்கிறது. ஒரு நிட் (கண்ணியின் வழுவழுப்பான முன்பக்கம்), ஒரு பர்ல் என்று மாற்றி மாற்றிப் பின்னும் ரிப் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். அதிலே எட்டுக் கண்ணி எடுத்து, முதல் நான்கைக் கேபிள் ஊசி என்ற சிறு துணை ஊசியில் முன்னால் நிறுத்திவிட்டு அடுத்த நான்கைப் பின்னி, பிறகு நிறுத்தியதையும் அதே நிட் பர்ல் வரிசையில் பின்னினால் முறுக்கு இரு பக்கமும் விழும். முதலில் ஒரே நிறத்தில் இதைப் பழகிக்கொள்வது நல்லது.

அப்புறம் இரண்டு நிறம். அதற்குப் பிரியோஷ் பின்னல் வேண்டும், அதாவது ஒவ்வொரு வரிசையையும் இரண்டு முறை பின்ன வேண்டும், முதல் நிறம் நிட் கண்ணிகளை மட்டும் பின்னி பர்ல் கண்ணிகளைப் பின்னாமல் நூல் சுற்றோடு அடுத்த ஊசிக்கு நழுவவிடும், வரிசை முடிந்ததும் திருப்பாமல் கண்ணிகளை ஊசியின் மறுமுனைக்குத் தள்ளிவிட்டு, அந்த பர்ல் கண்ணிகளை இரண்டாவது நிறத்தில் பின்னுவோம். தலையில் குமிழ் வைத்த நேர் ஊசியில் இது நடக்காது, இரு முனையிலும் பின்னக்கூடிய சர்க்குலர் ஊசிதான். ஒரு பக்கம் நீலம் எடுப்பாக இருந்தால் மறுபக்கம் மஞ்சள் எடுப்பாக இருக்கும்.

முறுக்கும்போதுதான் சிக்கல். நழுவவிட்ட கண்ணியும் அதன் மேல் கிடக்கும் நூல் சுற்றும் சேர்ந்துதான் ஒரு கண்ணி, கேபிள் ஊசிக்கு மாற்றும்போது சுற்றை விட்டுவிட்டால் கணக்கு போச்சு. பிரியோஷில் ஊசியிலிருந்து தவறி விழுந்த கண்ணியைக் கீழே இறங்கிப் பிடிப்பது பெரும்பாடு என்பதால், ஒவ்வொரு முறுக்குக்கும் முந்தைய வரிசையில் எல்லாக் கண்ணிகளின் ஊடாகவும் மெல்லிய நூல் ஒன்றைக் கோத்துவைப்பது உத்தமம். பிரித்தாலும் அந்த நூலோடு நின்றுவிடும்.

அடுத்த முறை இந்தப் பின்னலைப் போடுங்கள். இரு பக்கப் படமும் வேண்டும், ஒவ்வொரு நிறத்திலும் எத்தனை கிராம் கம்பளி என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிரியோஷ் நூலை ஏகத்துக்கு விழுங்கும், பாதியில் தீர்ந்து கடைக்கு ஓடினால் அதே சாயத்தில் கிடைப்பது சந்தேகம்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, குன்னூர்