ஒதுக்கிய நாளைத் திருப்பித் தாருங்கள்: அரங்க நிர்வாகக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். எங்கள் இசை நாடகத்துக்கு ஒதுக்கிய நாளை, சுவரொட்டி கண்ணில் பட்டதும் நீங்கள் ரத்து செய்ததையும், அதில் வரும் தற்பாலினக் காதலர்களை நண்பர்களாக மாற்றிக் காவல் துறையின் தடையில்லாச் சான்றுடன் வந்தால் பரிசீலிப்பதாகக் கூறியதையும் இங்கே விவரிக்க வேண்டியதில்லை. பிரதியில் கை வைக்காமல் அந்த நாளைத் திருப்பித் தர வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை.

லாரி மிட்செல் எழுதி, நெட் ஆஸ்டாவின் ஓவியங்களுடன் 1977இல் அமெரிக்காவில் வெளிவந்த நூலே எங்கள் நாடகத்துக்கு மூலம். ஆண்கள் ஆளுகிற, சரிந்துகொண்டிருக்கிற ஒரு பேரரசில் பால்புதுமையரும் (தற்பாலீர்ப்பாளர், திருநர் உள்ளிட்டோர்) அவர்களுடைய தோழமைகளும் ஒருவரையொருவர் காத்து உயிர்த்திருக்கும் கதை அது. பிலிப் வெனபிள்ஸ் இசையமைக்க, டெட் ஹஃப்மன் எழுதி இயக்க, 2023இல் மான்செஸ்டரில் அது இசை அரங்கமாக மேடையேறியபோது நடிப்பவர்களே பாடவும் இசைக்கருவிகளை வாசிக்கவும் செய்தார்கள். பாடுபவரும் தாளம் தட்டுபவரும் ஒன்றாக அமரும் கானாவைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு அந்த வடிவம் அந்நியமாகவே இல்லை.

எங்கள் பாடகர்களில் பலர் இந்தப் பாடல்களை வீட்டில் முணுமுணுக்கக்கூட முடியாதவர்கள். தாம் யார் என்பதை வீட்டாரிடம் இன்னும் சொல்லாதவர்கள். பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு வாடகை அறையில், அக்கம்பக்கத்தாருக்கு அஞ்சி ஜன்னல்களை அடைத்து, டோலக்கின் மேல் துணி சுற்றி, தாழ்ந்த குரலிலேயே மாதக்கணக்கில் பயின்றோம். முழுக் குரலில் பாடக் கிடைத்த ஒரே இடம் உங்கள் மேடை. ரத்தான செய்தி வந்த அன்று, ஊருக்குப் போய்விடுவதாகச் சொன்ன எங்கள் குழுத் தங்கை ஒருவரை என்ன சொல்லித் தேற்றுவதென்று எங்களுக்குத் தெரியவில்லை.

நாடகங்களுக்குக் காவல் துறையின் முன்அனுமதி கோரிய 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை, எழுத்தாளரும் நாடக இயக்குநருமான ஞாநி தொடுத்த வழக்கில், இதே வடசென்னையில் இருக்கும் உயர் நீதிமன்றம் 2013இல் செல்லாதவை என்று அறிவித்துவிட்டது. தற்பாலுறவு குற்றமன்று என உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. நீதிமன்றமே கேட்காத சான்றை நீங்கள் எந்த உரிமையில் கேட்கிறீர்கள்? சங்கரதாஸ் சுவாமிகளின் படத்துக்கு ஆண்டுதோறும் மாலை சூட்டுகிறீர்கள். அவருடைய நாடகங்களில் ஆண்கள் பெண் வேடமிட்டுப் பாடியதைப் பெருமையாகப் பேசுகிறீர்கள். திருநங்கையரைச் சிரிப்புக்காக மட்டும் மேடையேற்றிய நகைச்சுவை நாடகங்களுக்கு எந்தச் சான்றும் கேட்காமல் கதவைத் திறந்தீர்கள். அழுகையும் காதலும் உள்ள மனிதர்களாக நாங்கள் வரும்போது மட்டும் குடும்பங்கள் வருகிற இடம் என்கிறீர்கள். எங்களுக்கும் குடும்பங்கள் உண்டு. அவர்களும் இந்த வட்டாரத்தில்தான் வசிக்கிறார்கள்.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறோம். வாடகையில் சலுகை கேட்கவில்லை. வயது வரம்பை நுழைவாயிலில் எழுதி வைக்கச் சொன்னால் வைக்கிறோம். குழுவினர் ஒரு மாலை ஒத்திகைக்கு வந்து முழுவதும் பார்த்துவிட்டு, ஒதுக்கிய நாளை எழுத்துமூலம் உறுதிசெய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
இசை நாடகக் குழுவினர்,
பழைய வண்ணாரப்பேட்டை