புது லாரி ஒரு பக்கம் இழுக்கிறதா? 'ஓட ஓட சரியாகும்' என்பதை ஏற்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

புதிதாக வாங்கிய லாரி ஒரு பக்கமாக இழுக்கிறது என்று ஷோரூமில் போய்ச் சொன்னால், 'புது வண்டிதானே, கொஞ்சம் ஓடட்டும், தானா செட் ஆகிவிடும்' என்கிறார்கள். எனக்கும் அதே பதில்தான் கிடைத்தது, எனக்குத் தெரிந்த ஓட்டுநர்கள் பலருக்கும் அதேதான். அதை நம்பி யாரும் வண்டியைத் திருப்பி எடுத்து வந்துவிடக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன். புது வண்டியில் எடையைத் தாங்கும் வில் பட்டைகள் அமரும், இணைப்புகளில் உள்ள புஷ்கள் இளகும், பிரேக் லைனிங் டிரம்மோடு பொருந்தும், இதெல்லாம் உண்மைதான். ஆனால் பட்டை அமர்ந்த பிறகு இழுப்பு குறையும் என்று யாரும் சொல்ல முடியாது, கூடவும் செய்யலாம். அதுவரைக்கும் தேய்கிற டயர் நம் கைக்காசு.

காசு மட்டும் இல்லை. நாள் முழுக்க ஸ்டீயரிங்கை ஒரு பக்கமாகப் பிடித்து நிறுத்திக்கொண்டே ஓட்டுபவருக்குத் தோளும் மணிக்கட்டும் விட்டுப்போகும், இரவில் அசதி சீக்கிரம் வரும், மழையில் அவசரமாக பிரேக் பிடிக்கும்போது வண்டி எந்தப் பக்கம் போகும் என்ற பயம் கூடவே வரும். லாரி கட்டுப்பாட்டை இழந்தது என்று செய்தி படிக்கும்போதெல்லாம் ஓட்டுநர் தூங்கிவிட்டாரா, குடித்திருந்தாரா என்றுதான் எல்லாரும் கேட்கிறோம். அந்த வண்டி நேராகப் போகிற வண்டிதானா என்று யாரும் கேட்பதில்லை.

முதலில் சாலையைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். மழைத் தண்ணீர் வடிவதற்காகச் சாலையை ஓரத்தை நோக்கிச் சுமார் 2 சதவீதம் சரிவாகத்தான் போடுகிறார்கள், அதனால் எந்த வண்டியும் ஓரப்பக்கம் லேசாகச் சாயத்தான் செய்யும். இதையே காரணம் காட்டி, 'ரோடு அப்படி சார்' என்று அனுப்பிவிடுகிறவர்களும் உண்டு. அதற்கு ஒரு எளிய சோதனை இருக்கிறது. போக்குவரத்து இல்லாத, சமதளமான ஓர் இடத்தில் ஓட்டிப் பார்க்கலாம், அல்லது சரிவு எதிர்ப்பக்கம் இருக்கிற பாதையில் ஓட்டிப் பார்க்கலாம். சரிவு மாறியதும் இழுப்பும் மாறினால் அது சாலை. எந்தச் சரிவிலும் ஒரே பக்கம் இழுத்தால் அது வண்டிதான். சோதனை என்று ஸ்டீயரிங்கை முழுதாக விட்டுவிடாதீர்கள், பிடியைக் கொஞ்சம் தளர்த்தினாலே போதும், தெரிந்துவிடும்.

அப்புறம் காற்று. முன் டயர் இரண்டிலும் வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது நல்ல கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் ஏறியிருக்கும், அந்தக் கணக்கு செல்லாது. காற்று சரியாக இருந்தும் இழுக்கிறது என்றால், முன் டயர் இரண்டையும் இடம் வலம் மாற்றிப் போடச் சொல்லுங்கள் (ஒரே திசையில்தான் சுழல வேண்டும் என்று பக்கவாட்டில் அம்புக்குறி போட்ட டயர் என்றால் மட்டும் யோசிக்க வேண்டும்). ரேடியல் டயரில் உள்ளே இருக்கும் பெல்ட் தயாரிப்பின்போது ஒரு மயிரிழை தள்ளி அமர்ந்துவிட்டால், வெளியே பார்க்க ஒரு குறையும் தெரியாது, ஆனால் டயர் ஒரு பக்கமாக உருளப் பார்க்கும். மாற்றிப் போட்டதும் இழுப்பு எதிர்ப்பக்கம் போனால் குற்றவாளி டயர்தான், அதை டயர் கம்பெனியின் வாரண்டியில் கேட்க வேண்டும். ஜாக்கியும் ஸ்பானரும் இருந்தால் முடிகிற வேலை இது. ஆனால் பல இடங்களில் இதைச் செய்யாமலேயே நேராக அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிபார்க்கும்) மேடைக்கு வண்டியை ஏற்றிவிடுகிறார்கள்.

அலைன்மென்ட் விஷயத்தில்தான் எனக்கு மிகுந்த வருத்தம். பெரும்பாலும் அவர்கள் செய்வது டோ மட்டும் சரிசெய்வது, அதாவது முன் சக்கரங்கள் இரண்டும் முன்பக்கத்தில் எவ்வளவு நெருங்கி நிற்கின்றன என்பதை, அவை இரண்டையும் இணைக்கும் டிராக் ராடைத் திருகி மாற்றுவது. டோ தவறினால் டயர் ஓரம் அறுத்ததுபோலத் தேயும், சரி. ஆனால் வண்டி தொடர்ந்து ஒரு பக்கம் இழுக்க அது பெரும்பாலும் காரணம் இல்லை. கேஸ்டர், அதாவது சக்கரம் திரும்பும் அச்சு முன்பின்னாகச் சாய்ந்திருக்கும் கோணம், இரண்டு பக்கமும் ஒன்றாக இல்லாவிட்டால் குறைவாக இருக்கும் பக்கம் வண்டி போகும். கேம்பர், அதாவது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்து நிற்கும் கோணம், வித்தியாசப்பட்டால், மேல்பக்கம் அதிகமாக வெளியே சாய்ந்திருக்கும் சக்கரத்தின் பக்கம் போகும். லாரியின் ஒரே துண்டான முன் ஆக்சிலில் (இரண்டு முன் சக்கரங்களையும் தாங்கும் குறுக்குத் தண்டு) இவை ஸ்பானரால் திருகிச் சரிசெய்கிற விஷயம் இல்லை. கேஸ்டருக்குப் பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் ஆப்புத் தகடு வைக்க வேண்டும், கேம்பர் கெட்டிருந்தால் ஆக்சிலே வளைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புது வண்டியில் வளைந்த ஆக்சில் என்றால் அதைச் சூடாக்கி நிமிர்த்தித் தருகிறோம் என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள், மாற்றித்தான் தர வேண்டும்.

இன்னொன்று, பின் ஆக்சில். இதை யாருமே பார்ப்பதில்லை. ஸ்டீயரிங் இருப்பது முன்னால்தான் என்றாலும் வண்டியைத் தள்ளுவது பின் ஆக்சில்தானே. அது வண்டியின் அடிச்சட்டமான சேஸுக்குக் குறுக்கே நேராக இல்லாமல் சற்றுத் திரும்பி உட்கார்ந்திருந்தால் வண்டியை எப்போதும் ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும், ஓட்டுநர் முன் சக்கரத்தை எதிர்ப்பக்கம் திருப்பிப் பிடித்து ஈடுகட்டிக்கொண்டே போக வேண்டும். என் வண்டியில் நடந்தது இதுதான். இடப்பக்கம் இழுத்தது. ஷோரூமில் முதல் முறை டோ சரிசெய்தார்கள், அடுத்த முறை கோணலாக நின்ற ஸ்டீயரிங் வளையத்தை நேராக நிற்க வைத்துக் கொடுத்தார்கள். வளையம் நேராக நின்றது, வண்டி இழுத்துக்கொண்டேதான் இருந்தது. கடைசியில் ஒரு மெக்கானிக், கம்ப்யூட்டர் எதுவும் இல்லாமல், முன் சக்கரங்களை நேராக வைத்துவிட்டு, முன் ஹப்பின் (சக்கரத்தின் மையப் பகுதி) நடுவிலிருந்து பின் ஹப்பின் நடுவரை இரண்டு பக்கமும் டேப் பிடித்து அளந்தார். இடப்பக்கம் குறைவாக இருந்தது. அடியில் போய்ப் பார்த்தால், இடது பின் பட்டையின் தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டின் தலை ஆக்சிலில் அதற்குரிய குழியில் முழுதாக உட்காரவில்லை, பட்டையை ஆக்சிலோடு கட்டும் யு போல்ட்டை அப்படியே முடுக்கியிருந்திருக்கிறார்கள். யு போல்ட்டைத் தளர்த்தி, தலையைக் குழியில் உட்கார வைத்து, முடுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்துக் குறுக்கு மாறாக முடுக்கினார்கள். இழுப்பு நின்றது.

சில மில்லிமீட்டர்தானே என்று நினைக்கலாம். ஒரு சக்கரம் போகும் திசைக்கு ஒரே ஒரு டிகிரி கோணலாக நின்றால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 17 மீட்டர் தூரம் டயர் பக்கவாட்டில் தேய்க்கப்படுகிறது. கால் டிகிரி என்றாலும் 4 மீட்டருக்கு மேல். லோடு ஏற்றிய வண்டியில் ஜோடி டயர்கள் இப்படி உரசிக்கொண்டே ஓடினால் டயருக்கும் டீசலுக்கும் என்ன ஆகும் என்பது லாரி வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பின்னால் இரட்டை ஆக்சில் உள்ள வண்டிகளில் அவை ஒன்றுக்கொன்று இணையாக இருக்கின்றனவா என்பதையும் சேர்த்து அளக்க வேண்டும்.

வண்டி எப்போது இழுக்கிறது என்பதை ஓட்டுநர் கவனித்துச் சொன்னால் பாதி வேலை முடிந்த மாதிரி. பிரேக் பிடிக்கும்போது மட்டும் என்றால் பிரேக் அட்ஜஸ்ட்மென்ட்டைப் பார்க்க வேண்டும். பிரேக் பிடிக்காமலே இழுத்து, ஓடி நின்றதும் ஒரு பக்க ஹப் மட்டும் அனலடித்தால் பிரேக் ஷூ விடாமல் பிடிக்கிறது, அல்லது பேரிங் அதிக இறுக்கம். ஆக்சிலேட்டரை மிதித்தால் ஒரு பக்கம், விட்டால் மறுபக்கம் என்றால் பின் ஆக்சில் நகர்கிறது, யு போல்ட்டும் புஷ்களும் சந்தேகத்துக்கு உரியவை. வலது திரும்பி வந்ததும் வலமாகவும், இடது திரும்பி வந்ததும் இடமாகவும் கொஞ்ச தூரம் இழுத்தால் முன் சக்கரம் திரும்புவதற்கான கிங் பின் இறுக்கம், கிரீஸ் ஏறவில்லை. முன் சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கிப் பத்திரமாக ஸ்டாண்டில் நிறுத்தி இன்ஜினை ஓடவிட்டதும் ஸ்டீயரிங் தானாகத் திரும்பினால், அது பவர் ஸ்டீயரிங் பெட்டியின் வால்வு கோளாறு, எத்தனை முறை அலைன்மென்ட் செய்தாலும் போகாது.

சேஸாக வாங்கி வேறு இடத்தில் பாடி கட்டுகிறவர்களுக்கு ஒரு தொல்லை கூடுதல். பாடியின் எடை ஒரு பக்கம் அதிகமாகிவிட்டால் அந்தப் பக்கம் பட்டை தாழ்ந்து வண்டி சாய்ந்து நிற்கும். சமதளத்தில் நிறுத்தி, சேஸுக்கும் தரைக்கும் இடையே இரண்டு பக்கமும் அளந்தாலே தெரியும். ஷோரூம் பாடி கட்டியவரைக் கைகாட்டும், பாடி கட்டியவர் ஷோரூமைக் கைகாட்டுவார். ஆகவே பாடி கட்டுவதற்கு முன் ஒரு முறையும், கட்டிய பிறகு ஒரு முறையும் அலைன்மென்ட் அளவைத் தாளில் அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு யாரும் நழுவ முடியாது.

சர்வீஸ் மையங்களிடம் நான் கேட்பது பெரிய விஷயம் எதுவும் இல்லை. வண்டி எந்தப் பக்கம், எந்த வேகத்தில், லோடோடா லோடு இல்லாமலா இழுக்கிறது என்று ஓட்டுநர் சொல்வதை ஜாப் கார்டில் அப்படியே எழுதுங்கள், 'ஜெனரல் செக்கப்' என்று எழுதி முடித்துவிடாதீர்கள். சரிசெய்வதற்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளை, பின் ஆக்சிலையும் சேர்த்து, கையில் கொடுங்கள். ஓட்டுநரைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டிப் பாருங்கள். முதல் சில லோடுகளுக்குப் பிறகு யு போல்ட்டுகளைக் கட்டாயம் மறுபடி முடுக்கிக் கொடுங்கள். வாங்குகிறவர்களும் முதல் வாரத்திலேயே குறையை எழுத்தில் பதிவு செய்து நகல் வாங்கிவிட வேண்டும். அலைன்மென்ட்டுக்குப் பொதுவாக வாரண்டி காலம் மிகக் குறைவு, வாய்ப்பேச்சாகச் சொல்லிச் சொல்லியே அது முடிந்துவிடும்.

உரிமையாளர்களுக்கும் ஒரு வார்த்தை. வண்டி இழுக்கிறது என்று உங்கள் ஓட்டுநர் வந்து சொன்னால், புது வண்டியில் என்ன குறை என்று அவரைத் திட்டி அனுப்பாமல், அன்றைக்கே சாவியை வாங்கி நீங்களே ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு லாரி உரிமையாளர், ஓட்டுநர்